வெள்ளத்தில் வீடு சேதம்: கான்ட்ராக்டர் போட்ட 15 சதவீதத்தை சர்வேயர் அடித்துவிட்டார், யார் கொடுப்பது?

செல்லூர்வாசி | 8 டிசம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் 25 சாயங்காலம் மதுரையில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி எங்க தெருவுக்குள்ள வந்தது. வீட்டுக்குள்ள மூணு அடி தண்ணி. ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். தண்ணி வடிஞ்சு பார்த்தா முன் ரூம் தளம் ஒரு பக்கம் இறங்கிப் போச்சு, பின்பக்க காம்பவுண்ட் சுவர் சாஞ்சு கிடக்கு. சுவிட்ச் போர்டு எல்லாம் சேறு. ரெண்டு நிலைக்கதவு ஊறி மூடவே முடியலை.

ஹவுசிங் லோனுக்காக எடுத்த வீட்டு இன்சூரன்ஸ் இருந்ததால மறுநாளே தகவல் சொல்லிட்டேன். தெரிஞ்சவர் மூலமா ஒரு கான்ட்ராக்டர் வந்தார். "இன்சூரன்ஸ் வேலை நெறைய பார்த்திருக்கேன், கிளெய்ம் சோலியெல்லாம் நான் பார்த்துக்கறேன்"ன்னு சொல்லி அவர் கொடுத்த எஸ்டிமேட் இது:

பழுது வேலை 5,60,000
கான்ட்ராக்டர் சர்வீஸ் 15% 84,000
இன்சூரன்ஸ் வேலை சார்ஜ் 36,000
மொத்தம் 6,80,000

"கிளெய்ம் எவ்வளவு வந்தாலும் மேற்படி தொகை தர சம்மதம்"னு கீழ ஒரு வரி. கையெழுத்து போட்டுட்டேன். அந்த நேரத்துல எதுல கையெழுத்து போடுறோம்னு எங்க பார்த்தேன். 1,50,000 அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

இப்ப சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் போட்ட தொகை 4,72,000. சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ் சார்ஜ் ரெண்டையும் அடிச்சுட்டார். மொசைக் தளத்துக்குப் பதிலா டைல்ஸ் போடுறதுல 52,000 கழிச்சிருக்கார். கதவு, பெயிண்ட் பழசுன்னு 36,000 கழிவு. காம்பவுண்ட் சுவர் முடிஞ்சது, தளம் பாதியில நிக்குது. கான்ட்ராக்டர் முழுப் பணமும் கேட்கிறார். கையில இருந்து 2,08,000 போட எனக்கு வழியில்லை. யாராவது இதைத் தாண்டி வந்திருந்தா சொல்லுங்க.

வைகைக்காத்து | 8 டிசம்பர்

இன்சூரன்ஸ் வேலை சார்ஜ் 36,000ஆ! ஃபார்ம் நிரப்பவா? பங்காளி, அந்தக் காசுக்கு நானே வந்து மணி மணியா எழுதிக் கொடுத்திருப்பேனே.

பழைய_பொறியாளர் | 8 டிசம்பர்

தம்பி, முதலில் அந்த 5,60,000 எப்படி வந்தது என்று பாருங்கள். அளவு போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ரேட் போட்ட தாள் இருக்கிறதா? அல்லது "பழுது வேலை" என்ற ஒரே வரியா?

நான் 30 வருடம் அரசு கட்டட வேலையில் இருந்தவன். கான்ட்ராக்டருக்கு லாபம் கிடையாது என்று யாரும் சொல்வதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் ரேட் அட்டவணையிலேயே கான்ட்ராக்டர் லாபம் 7.5%, மேல்செலவு 7.5%, ஆக 15% சேர்த்துத்தான் ஒவ்வொரு ரேட்டும் கட்டியிருப்பார்கள். கவனியுங்கள், ரேட்டுக்கு உள்ளே. செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்றால் அதில் கொத்தனார், சித்தாள், செங்கல், எம்-சாண்ட், சிமெண்ட், லாபம் எல்லாம் அடக்கம். கடைசியில் தனியாக இன்னொரு 15% போட்டால் எந்த சர்வேயரும் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை விலை கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

ஒன்றிரண்டு ரேட் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

செல்லூர்வாசி | 8 டிசம்பர்

சார், கேட்டு வாங்கினேன். மூணு அடி வரைக்கும் பூச்சைக் கொத்திட்டு மறுபடி பூசறது சதுர அடி 65 ரூபாய், 1,100 சதுர அடி. டைல்ஸ் பொருளோட சேர்த்து 190, 400 சதுர அடி. வயரிங், மரவேலை ரெண்டும் ஆசாரியும் எலக்ட்ரீசியனும் கேட்ட தொகையை அப்படியே போட்டிருக்கார்.

பழைய_பொறியாளர் | 9 டிசம்பர்

பூச்சு 65 ரூபாய் என்றால் கொத்துக்கூலி, பூச்சுக்கூலி, பொருள் போக அவருக்கும் உள்ளே மிச்சம் இருக்கிறது. டைல்ஸும் அப்படியே. ஆகவே இவற்றின் மேல் 15% என்பது இரட்டிப்பு. ஆனால் வயரிங்கும் மரவேலையும் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடக்க விலை. அந்த இரண்டுக்கு மட்டும் அவர் லாபம் கேட்பது நியாயம். அதை ரேட்டுக்குள் சேர்த்து, அளவோடு புது எஸ்டிமேட் வாங்கி சர்வேயரிடம் கொடுங்கள். "சர்வீஸ்" என்ற சொல்லே அதில் வரக்கூடாது.

கரண்டியும்_மட்டமும் | 9 டிசம்பர்

அண்ணே, எங்கப்பா மேஸ்திரி, நானும் அதே தொழில்தான். எல்லாரும் கான்ட்ராக்டரைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் அங்கிட்டு இருந்தும் பாருங்க. இன்சூரன்ஸ் வேலைன்னா என்ன ரோதனைன்னு எங்களுக்குத்தான் தெரியும். சர்வேயர் வர்றவரைக்கும் இடிச்சதை அள்ளக்கூடாது. அவர் இன்னைக்கு வர்றேன்பார், நாளைக்கு வர்றேன்பார். ஆளைக் கூட்டிட்டு வந்து நிப்பாட்டி வச்சா சாயங்காலம் கூலியை யார் கொடுக்கிறது? சித்தாள் அக்கா சம்பளத்தை நாளைக்கு வாங்கிக்கங்கன்னு சொல்ல முடியுமா? கடைசியில பணம் மூணு மாசம் கழிச்சு. இதையெல்லாம் மனசுல வச்சுத்தான் 15%, 20%ன்னு போட்டுடறாக.

ஆனா "கிளெய்ம் எவ்வளவு வந்தாலும்"ன்னு எழுதி வாங்கினது தப்பு. அதே மாதிரி கிளெய்ம்ல இத்தனை பெர்சன்ட்னு பேசறதும் தப்பு. கிளெய்ம் பெருத்தா இவனுக்கு லாபம்னு ஆயிட்டா, நல்லா இருக்கிற சுவரையும் கொத்தச் சொல்லும் புத்தி.

திருநகர்_அக்கா | 9 டிசம்பர்

தம்பி கரண்டி சொல்றது சரி. எனக்கு வந்தவர் அதைத்தான் செஞ்சார். போன வருஷம் மாடியில சிமெண்ட் தொட்டி உடைஞ்சு கீழ் ரூம் சீலிங்கோட நாசமாச்சு. "மேடம், நாலரை லட்சம்னு போடுவோம், மூணு லட்சத்துக்கு முடிச்சிடலாம், மிச்சத்துல பாதி பாதி"ன்னார். நான் அப்பவே வாசலைக் காட்டிட்டேன். பொய் பில்லுன்னு ஒண்ணு தெரிஞ்சா நிஜமான சேதத்துக்கும் சேர்த்து கையை விரிச்சிடுவாங்க, பாலிசியிலயே எழுதியிருக்கு.

ரெண்டாவதா வந்த மேஸ்திரிகிட்ட 20 ரூபாய் பத்திரத்துல எழுதினோம். அளந்து பார்த்துக் காசு. நாலு தவணை, கடைசி 10% வேலை முடிஞ்சு ஒரு மழை பார்த்த பிறகு. சர்வேயர் வரும்போது அவர் வந்து நின்னா ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு தனியா பேசினோம். இன்சூரன்ஸ் வந்தாலும் வராட்டியும் அவர் கணக்கு மாறாது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

இன்னொண்ணு, லோன் வீடுன்னா செக் உங்க கைக்கு வராது. பாலிசியில பேங்க் பேரு இருக்கும், பணம் அங்கதான் போகும். எங்க மேனேஜர் பில்லைப் பார்த்துட்டுத்தான் ரெண்டு தடவையா விட்டார். கான்ட்ராக்டர்கிட்ட இதை இப்பவே சொல்லி வைங்க. இல்லேன்னா "பணம் வந்திருச்சுல்ல"ன்னு வீட்டு வாசல்ல உட்காருவார்.

பாலிசி_படிப்பவன் | 9 டிசம்பர்

ரொம்ப நாளாக இந்தத் துறையில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். முதல் கேள்வி: உங்கள் பாலிசி பெயர் "பாரத் கிருஹ ரக்ஷா" தானா? ஏப்ரல் 1, 2021 முதல் எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் வீட்டுக்கு இந்த ஒரே மாதிரி பாலிசியைத் தர வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்னால் போட்டது பழைய தீ விபத்து பாலிசியாக இருக்கும். இரண்டிலும் கணக்கு வேறு.

செல்லூர்வாசி | 9 டிசம்பர்

லோன் 2019. ஆனா பாலிசி 2022ல புதுசா போட்டது. ஆமா, நீங்க சொன்ன பேர்தான் இருக்கு.

பாலிசி_படிப்பவன் | 10 டிசம்பர்

நல்லது. அப்படியென்றால் பாலிசிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் வீட்டைப் பழுது பார்க்க ஆர்க்கிடெக்ட், பொறியாளர், உங்கள் தரப்பு சர்வேயர் யாருக்காவது நியாயமான கட்டணம் கொடுத்திருந்தால், கிளெய்ம் தொகையில் 5% வரை தருவார்கள். இடிபாடு அள்ளிய செலவு 2% வரை. பழைய பாலிசியில் இவை 3%, 1% ஆக இருந்தன. கம்பெனி அனுப்பும் சர்வேயர் வேறு ஆள். அவருக்குக் கம்பெனியே கட்டணம் தரும், நீங்கள் பெட்ரோல் காசுகூடத் தர வேண்டாம்.

ஆனால் கிளெய்ம் தயார் செய்ய ஆன செலவு கிடையாது. விலக்குகள் பட்டியலில் தனி வரியாகவே இருக்கிறது. உங்கள் கான்ட்ராக்டரின் 36,000 அங்கேதான் மாட்டியது. அதற்காகக் கம்பெனியிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

36,000 கழிவு வேறு கதை. (இரண்டும் ஒரே தொகையாக வந்தது தற்செயல், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இந்தப் பாலிசியில் கட்டடத்தைப் பழுது பார்க்க ஆகும் செலவைத் தர வேண்டும். பழசு என்று கழிப்பதற்கு இடமில்லை. எந்த விதிப்படி கழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், மெயில்.

டைல்ஸில் கழித்த 52,000 போனது போனதுதான். முன்பு இருந்ததைவிட மேலான பொருளுக்குப் பாலிசி பணம் தராது. மொசைக்குக்கு சமமான விலை வரை ஏற்றுக்கொண்டிருக்கிறார், அதில் தவறில்லை.

நரிமேடு_நாகரிகன் | 10 டிசம்பர்

இதுக்கு ஏன் இம்புட்டு சுத்து? அந்த 84,000, 36,000 ரெண்டையும் டைல்ஸ் பூச்சு ரேட்ல ஏத்திப் போட்டுட்டா வேலை முடிஞ்சது. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.

திருநகர்_அக்கா | 10 டிசம்பர்

எல்லாரும் பண்றாங்கன்னா நீங்க போய் கையெழுத்து போடுங்க. முதல்ல 65ன்னு கொடுத்த பூச்சு வேலையை இப்ப 95ன்னு கொடுத்தா சர்வேயர் கண்ணு தெரியாதவரா?

பழைய_பொறியாளர் | 10 டிசம்பர்

அவர் சொல்வதும் நான் சொல்வதும் வேறு வேறு. அடக்க விலையில் போட்ட இரண்டு வேலைக்கு லாபம் சேர்ப்பது திருத்தம். லாபம் ஏற்கெனவே உள்ள வேலையில் மறுபடி ஏற்றுவது பித்தலாட்டம். திருத்திய எஸ்டிமேட்டுடன் ஆசாரி, எலக்ட்ரீசியன் கொடுத்த பழைய துண்டுச்சீட்டையும் இணையுங்கள், மறைக்க எதுவுமில்லை என்று தெரியட்டும்.

மேலமாசி_கணக்கர் | 10 டிசம்பர்

ரெண்டு சின்ன விஷயம். அந்தக் கான்ட்ராக்டர் பில்லில் ஜிஎஸ்டி கேட்டால் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கா பாருங்க. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. பதிவு உள்ளவர் என்றால் பழுது வேலைக்கு 18%, முறையான பில் கொடுத்தால் சர்வேயரிடம் அதையும் காட்டலாம்.

அப்புறம், ரொக்கமா கொடுக்காதீங்க. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி அவருக்குத் தப்பு. உங்களுக்கும் பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் சாட்சி. அந்த 1,50,000 எப்படிக் கொடுத்தீங்க?

செல்லூர்வாசி | 10 டிசம்பர்

ஜிபேயில 1 லட்சம், கையில 50,000. கையில கொடுத்ததுக்கு ரசீது இல்லை. இன்னைக்கே போய் எழுதி வாங்கறேன்.

குப்பை அள்ளினது கான்ட்ராக்டர் கணக்குல இல்லை, அஞ்சு டிராக்டர் லோடு நானே 11,000 கொடுத்தேன். எங்க தெருவுல ஒரு இன்ஜினியர் வந்து தளம் ஏன் இறங்குச்சுன்னு பார்த்து, கிளெய்முக்கு அளவும் எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும்போது வந்து பார்க்கிறார். மொத்தம் 8,000 கேட்டார்.

பாலிசி_படிப்பவன் | 11 டிசம்பர்

டிராக்டர்காரரிடம் தேதி, லோடு எண்ணிக்கை போட்டு ஒரு பில் வாங்குங்கள். பொறியாளரிடம் இரண்டு பில். கிளெய்முக்கு அளவு எழுதியது தனி, பழுது வேலைக்கு ஆலோசனையும் மேற்பார்வையும் தனி. இரண்டாவது மட்டும்தான் 5% வரம்புக்குள் வரும். உண்மையில் எதற்கு எவ்வளவு வாங்கினாரோ அதையே எழுதச் சொல்லுங்கள்.

புதூர்_பையன் | 11 டிசம்பர்

குறுக்கே வர்றேன். காம்பவுண்ட் சுவருக்கெல்லாம் தருவாங்களா? எங்க ஏஜென்ட் வீட்டுக்கு மட்டும்தான்னு சொன்னார்.

பாலிசி_படிப்பவன் | 11 டிசம்பர்

காம்பவுண்ட் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் தகடு எல்லாம் வீட்டுக் கட்டடம் என்ற விளக்கத்துக்குள்ளேயே வரும். ஏஜென்டையும் படிக்கச் சொல்லுங்கள்.

செல்லூர்வாசி | 12 டிசம்பர்

அந்தக் கையெழுத்துதான் தூங்க விட மாட்டேங்குது. கோர்ட்டுக்குப் போவேன்னு நேத்து சத்தம் போட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியும் "இந்தத் தொகைக்கு சம்மதம்"னு ஒரு ரசீதுல கையெழுத்து கேட்குது.

கரண்டியும்_மட்டமும் | 12 டிசம்பர்

அண்ணே, அவர் கோர்ட்டுக்கெல்லாம் போக மாட்டார். அவருக்கு அடுத்த வேலை வேணும், செல்லூர்ல பேர் கெட்டா எவன் கூப்பிடுவான்? பொறியாளர் சாரையோ, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தரையோ கூட்டிட்டு டீக்கடையில உட்காருங்க. முடிஞ்ச வேலையை டேப் வச்சு அளங்க. அளந்ததுக்குப் பணம் தர்றேன்னு முதல்ல சொல்லுங்க, ஆள் பாதி இறங்கிடுவார். எத்தனை தடவை சர்வேயருக்காக அலைஞ்சார்னு கேட்டு அதுக்கும் ஒரு தொகை கொடுங்க. அதை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

பாலிசி_படிப்பவன் | 12 டிசம்பர்

அந்தத் தாள் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. கம்பெனியை அது கட்டுப்படுத்தாது, அதனால் கம்பெனியிடம் அதைக் காட்டி ஒன்றும் ஆகாது. பேசித்தான் மாற்றி எழுத வேண்டும். பழைய தாளைத் திரும்ப வாங்கி, ரத்து என்று இருவரும் கையெழுத்திடுங்கள்.

ரசீதைப் பொறுத்தவரை, கழிவு பற்றிய பதில் வரும்வரை பொறுங்கள். அவசரத்தில் போட்டாலும் உரிமை போய்விடாது. சம்மத ரசீதைக் காட்டி வழக்கைத் தடுக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2015ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். 50 லட்சம் வரை கேட்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மதுரையிலேயே நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, ஆனால் உங்கள் தொகைக்கு முதலில் ஆம்புட்ஸ்மேன் வழிதான் எளிது.

வைகைக்காத்து | 12 டிசம்பர்

டீக்கடைப் பஞ்சாயத்துக்கு என்னையும் கூப்பிடுங்க பங்காளி. தீர்ப்பு சொல்ல மாட்டேன், வடை மட்டும்.

செல்லூர்வாசி | 19 ஜனவரி 2025

பொங்கல் முடிஞ்சு வந்திருக்கேன். கேட்டவங்களுக்கெல்லாம் நன்றி, நடந்ததைச் சொல்லிடறேன்.

மெயில் போட்டு பத்து நாள்ல சர்வேயர் மறுபடி வந்தார். கதவு பெயிண்ட் கழிவு 36,000 திரும்பச் சேர்த்தாச்சு. வயரிங், மரவேலை ரேட்டைத் திருத்திக் கொடுத்ததுல கூட 22,000 ஏத்துக்கிட்டார், துண்டுச்சீட்டு இருந்ததால கேள்வியே கேட்கலை. ஆக 5,30,000. அதுல ரெண்டு பெர்சன்ட் கணக்குல குப்பைக்கு 10,600. இன்ஜினியர் 3,000 கிளெய்ம் அளவுக்கு, 5,000 மேற்பார்வைக்குன்னு பில் கொடுத்தார், 5,000 வந்தது. மொத்தம் 5,45,600. பேங்குலதான் இருக்கு, முதல் பாதி விட்டாங்க.

கான்ட்ராக்டர்கிட்ட பேச்சு மூணு நாள் இழுத்தது. முதல் நாள் எழுந்து போயிட்டார். பொறியாளர் சார் போன்லயே அரை மணி நேரம் அவர்கிட்ட ரேட் ரேட்டா பேசினார். கடைசியில 5,60,000, அந்த 22,000, சர்வேயருக்காக அஞ்சு தடவை அலைஞ்சதுக்கு 5,000, மொத்தம் 5,87,000ன்னு புதுசா எழுதினோம். 50,000க்கு ரசீதும் அதுலயே. பழைய தாள் என்கிட்ட இருக்கு. கான்ட்ராக்டர் கணக்குல கையில இருந்து போறது 57,000, அதுல 52,000 நான் ஆசைப்பட்ட டைல்ஸுக்கு. அதுக்கு யாரைக் குறை சொல்ல?

தளம் முடிஞ்சது. வர்ற வாரம் பெயிண்ட் அடிக்கலாம்கிறார்.

பழைய_பொறியாளர் | 19 ஜனவரி

அடிக்க விடாதீர்கள் தம்பி. மூன்று அடி ஊறிய செங்கல் சுவர் அவ்வளவு சீக்கிரம் காயாது. இப்போது பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சித்திரையில் உப்பு பூத்து உரியும், அதற்கு எந்த பாலிசியும் வராது. ஜன்னலைத் திறந்து வைத்து மாசி முடியட்டும். பெயிண்ட் தொகையையும் அதுவரை கையில் வைத்திருங்கள்.

செல்லூர்வாசி | 19 ஜனவரி

சரிங்க சார். பிள்ளைக தான் சுவர்ல இப்பவே கிறுக்க ஆரம்பிச்சிருச்சுக. மாசி வரைக்கும் கிறுக்கட்டும்.